கால் சரியாகும் வரை

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இப்போதெல்லாம் காலை வணக்கத்தைவிட முழங்கால் தைலம்தான் அதிகம் வருகிறது. ஒருத்திக்குக் குதிகால் வலி. ஒருத்தனுக்கு மூட்டில் ஜவ்வு கிழிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயக் கோப்பையை யாருக்கும் விட்டுத்தராதவன், மாடிப்படியைப் பார்த்ததும் லிஃப்ட் எங்கே என்று கேட்கிறான். நாற்பதைத் தொட்டோம், கிழடு தட்டிவிட்டது. எனக்கும்தான். போன மாதம் ஒரகடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கணுக்கால் மடங்கிக்கொண்டது. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு நொண்டிக்கொண்டு போய் வருகிறேன்.

அதைக் குழுவில் சொன்னதும் உங்களில் ஒருத்தி எழுதினாள்: "உங்கப்பாவுக்கும் இதே மாதிரிதானே கால் உடைஞ்சிது? தன் காலை உடைச்ச பையனையே காப்பாத்தின மனுஷன். அந்த மாதிரி ஆளுங்க இப்ப எங்க இருக்காங்க?" கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். அப்பா செத்த அன்றும் பந்தலில் உட்கார்ந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்றும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, அந்தப் படங்களைப் பார்த்தபோதும் தெரியவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு, கூப்பிய கையை அப்படியே வைப்பதா எடுப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நாம் ஆறாவது படித்த வருடம் அது. கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்த நேரம். நம் ஊரில் மாட்டுக்கொட்டகை வைத்திருந்தவர்கள் மாட்டை விற்றுவிட்டு, கொட்டகைக்குள் சிமெண்டுத் தரை போட்டு வாடகைக்கு விட்டார்கள். திருநெல்வேலி, தென்காசி பக்கத்துப் பையன்கள் தோள்பையோடு வந்து இறங்கினார்கள். ஓர் அறைக்கு ஏழெட்டுப் பேர். பகல் ஷிப்ட் போனவன் பாயில் நைட் ஷிப்ட் முடித்தவன் படுப்பான். அவர்களிடம் வாடகையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டே அவர்களைக் குறை சொல்வதுதான் நம் பெரியவர்களுக்குப் பொழுதுபோக்கு. தண்ணீரை இறைக்கிறார்கள், ராத்திரி பேசுகிறார்கள், லுங்கியோடு ஏரிக்கரையில் நிற்கிறார்கள். நாமும் அவர்கள் பேசுவதைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்தோம்.

அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். வாலாஜாபாத்தில் எடுத்து, ஒரகடத்தில் நிறுத்தி, அங்கங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவார். அவருடைய இடது காலுக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. அவர் கிளட்சை விட்டு வண்டியை எடுத்தால், தூங்குகிறவன் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காது என்பார்கள். அப்பாவே அதைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்.

அந்தக் காணும் பொங்கலுக்கு, ஏரி ஓரத்து மைதானத்தில், ஊர்க்காரர்களுக்கும் கம்பெனிப் பையன்களுக்கும் கபடி. அப்பாவுக்கு ஆடுகிற வயதா? தொப்பை வேறு. அம்மா வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள்.

"உனுக்கு இன்னா வயசாவுது? கம்முனு தின்னுட்டுப் படுத்துக்கினு இரு."

"இந்தப் பசங்களுக்கு ஆட்டம்னா இன்னான்னு காட்டிட்டு வந்துர்றேன்டி."

காட்டினார். பாடிக்கொண்டு போனவர் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பாய்ந்ததுவரை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் புழுதி. அப்பாவின் அலறல். புழுதி அடங்கியபோது அப்பா கீழே கிடந்தார், ஒரு மெலிந்த பையன் அவருடைய இடது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பாதம் இருக்கக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது.

"புடிச்சித் திருகிட்டான்டா! காலை ஒடைச்சிட்டான்!" என்று அப்பா கத்தினார்.

பையனுக்கு விழுந்த அடியை நீங்களும் பார்த்தீர்கள். நம்மில் இரண்டு பேர் ஓடிப்போய்க் கரும்புத் துண்டால் எறிந்துவிட்டு வந்தோம். அப்பாவைச் சுமோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அதன்பின் மைதானத்தில் ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பையன்களை நிற்கவைத்துப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பெண்பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டிவிட்டார்கள்.

மாவுக்கட்டோடு அப்பா வீட்டில் கிடந்தது தனிக் கொடுமை. கட்டுக்குள் அரிக்கிறது என்று அம்மாவின் பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்தார். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும், "நான் பாட்டுக்கு கோட்டைத் தாண்டிட்டேன், பின்னாலருந்து புடிச்சித் திருகிட்டான்" என்று ஆரம்பத்திலிருந்து சொன்னார். சொல்லச் சொல்லப் பையனின் கை முரடாகிக்கொண்டே போனது.

கட்டைப் பிரித்த அன்று நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உள்ளே இருந்தது அப்பாவின் காலே இல்லை. சூம்பி, வெளுத்து, தோல் செதில் செதிலாக உரிந்து, ஈரத்துணியை மூலையில் போட்டு மறந்தால் வருமே, அந்த வாடை. கணுக்கால் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கால் இறுகிவிட்டது என்றார் டாக்டர். இனிமேல் பிசியோதான், சோம்பல்பட்டால் இப்படியே நின்றுவிடும்.

பஸ்ஸுக்குச் சொந்தக்காரரான டிராவல்ஸ் முதலாளியும் சொல்லிவிட்டிருந்தார். சித்திரை பிறக்கும்வரை மாற்று டிரைவரை வைத்துச் சமாளிப்பேன், அதற்குமேல் முடியாது. கிளட்சை மிதிக்க முடியாத டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? அம்மா அன்று பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தாள்.

பிசியோ அக்கா வாலாஜாபாத்துக்காரர். அவருடைய அறை எனக்குப் பிடித்திருந்தது. மெழுகை உருக்கி வைத்திருக்கும் தொட்டி, சக்கரமில்லாத சைக்கிள், சுவரில் எலும்பு மனிதன் படம். மெழுகு ஒத்தடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் பாதத்துக்கு நேராகத் தன் உள்ளங்கையை வைத்தார்.

"சார், இப்ப என் கையை மிதிங்க. கிளட்ச்சுன்னு நினைச்சிக்கோங்க."

அப்பா காலை இழுத்துக்கொண்டார். "இன்னாம்மா நீ? பொம்பளப் புள்ள கைய மிதிக்கறதா?"

"மிதிச்சாதான் சார் பலம் வரும்."

நுனிவிரலால் தொட்டும் தொடாமலும் அழுத்தினார். உடனே குனிந்து அக்காவின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யார் மேலாவது கால் பட்டால் நாமெல்லாம் செய்வதுதானே? ஆனால் அக்கா மறுபடி மிதிக்கச் சொல்ல, மறுபடி ஒரு தொடல், மறுபடி கண். அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"என்னை சாமியாக்கிடாதீங்க சார். இப்படியே போனா கண்ணுக்குத்தான் நல்ல எக்சர்சைஸ், காலுக்கு இல்ல."

வீட்டில் தினமும் யாராவது இப்படிக் கை கொடுக்க வேண்டும் என்றார். சுவரில் மிதித்தால் ஆகாதா என்று அப்பா கேட்டார். சுவர் விட்டுக்கொடுக்காது, ஆளுடைய கைதான் உங்கள் பலத்துக்குத் தகுந்தபடி வளைந்து கொடுத்து எதிர்க்கும் என்றார் அக்கா.

அம்மா அன்று சாயங்காலமே கட்டிலருகே தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "வூட்டு மகாலட்சுமி மேல கால வெப்பாங்களா?" என்றார் அப்பா. "வாயால எவ்ளோ வாட்டி மிதிச்சிக்கிற, அப்ப மகாலட்சுமி தெரிலயா?" என்றாள் அம்மா. என் கையை நீட்டினேன், அதட்டி அனுப்பினார். சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டில் காலில் கட்டிப் பார்த்தார். அது ஒருநாள் தெறித்து அவர் மூக்கிலேயே அடித்தது. நாங்கள் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. பாதம் அப்படியே மரக்கட்டையாகக் கிடந்தது, மாசி போய்ப் பங்குனி வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். அதற்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தான், தண்ணீர்க் குடம் தூக்குவான், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோவில் ஏற்றிவிடுவான். செய்த பாவத்துக்கு மனசு உறுத்துகிறது போலிருக்கிறது, நல்ல பிள்ளை என்றுதான் நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அன்று கட்டில் காலில் தொங்கிய டியூபைப் பார்த்துவிட்டு, விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"என் கையில மிதிங்க அண்ணாச்சி."

அப்பா மிதித்தார். ஒரு கூச்சமும் இல்லை.

"இன்னும் நல்லா மிதிங்க. பயப்படாதிய."

"எனக்கு இன்னாடா பயம்? ஒடைச்சவன் நீதானே, வாங்கிக்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார் அப்பா.

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் சீருடையோடு வருவான். கழுத்தில் அடையாள அட்டை ஆடும். வாசலில் கழற்றிப் போடுகிற அவனுடைய கம்பெனி ஷூ எனக்கு ஒரு அதிசயம். முன்னால் இரும்பு வைத்தது. அதற்குள் என் காலை விட்டு நின்று பார்ப்பேன், உள்ளே ரப்பரும் வியர்வையும் கலந்து சூடாக இருக்கும், ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. அம்மா அவனுக்கு ஒரு நீலப் பிளாஸ்டிக் கப்பில் டீ கொடுப்பாள். நமக்கெல்லாம் எவர்சில்வர், அவனுக்கு மட்டும் அந்தக் கப். குடித்துவிட்டு அவனே கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைப்பான். இப்போது அதை எழுதவே கை கூசுகிறது.

கால் திரும்பியது. முதலில் பாதம் கொஞ்சம் அசைந்தது. பிறகு சோடா பாட்டிலைத் தரையில் போட்டு உள்ளங்காலால் உருட்டினார். என் கோலிக்குண்டுகளைக் கால் விரலால் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டார், ஒன்று தவறினால் பையன் ஓடிப்போய் எடுத்து வருவான். பிறகு எழுந்து நின்றார். ஒரு நாள் பிசியோ அறையில் இடது காலை மட்டும் ஊன்றிக் குதிகாலைத் தூக்கி நின்றார். அக்கா கைதட்டினார்.

"சூப்பர் சார். வீட்ல யாரு கை குடுக்கறாங்க?"

"ஒரு பையன் வரான்மா. காலை ஒடைச்சவன்."

"அவனுக்குக் கை வலிக்கும் சார், பாத்துக்கோங்க. எனக்கே இவ்ளோ தடவை கண்ணுல ஒத்திக்கிட்டீங்க, அவனுக்கு எவ்ளோ ஒத்திக்கணும்?"

அன்று சாயங்காலம் பையன் கையை நீட்டியபோது அப்பா மிதிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை சுற்றியிருந்தான். நாள் முழுக்க லைனில் திருகாணி முடுக்கிவிட்டு வருகிற கை. உள்ளங்கையின் அடியில், அப்பாவின் பாதம் பதிகிற இடம், கன்றிப்போயிருந்தது.

"மிதிங்க அண்ணாச்சி. நேரமாவுது."

அப்பா குனிந்து அவனுடைய கையைப் பிடித்துக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அவன் பதறிப் பின்னால் நகர்ந்தான்.

"ஏ, என்ன அண்ணாச்சி இது! நீங்க பெரியவிய!"

"பள்ளம்டா தம்பி" என்றார் அப்பா. "வழுக்குமரம் நட்டுப் புடுங்கின பள்ளம். சரியா மூடல. அதுல கால வுட்டுட்டேன். நீ புடிக்கறதுக்கு முன்னாலயே மடங்கிருச்சி. அத்தினி பேரு முன்னால தானா வுழுந்தேன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சி. உன்னைச் சொல்லிட்டேன்."

அம்மா அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள். நான் கோலிக்குண்டுக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பையனைப் பார்த்தேன். அழுவான் என்று நினைத்தேன், இல்லையென்றால் கத்துவான் என்று நினைத்தேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றான்.

"தெரியுமா?"

"நீங்க கத்துன பொறவுதான நான் பிடிச்சேன். கால் பள்ளத்துல கெடந்துச்சு, நான்தான் வெளிய எடுத்தேன்."

"அப்பறம் ஏன்டா தெனிக்கும் வந்த?"

அவன் எழுந்து வாசலுக்குப் போய் ஷூவைப் போட ஆரம்பித்தான். கயிற்றைக் கட்டிக்கொண்டே, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"ரூம்ல ஏழு பேரு இருக்கோம். கால் சரியாவுத வரைக்கும் நீதான் பொறுப்பு, சரியாவலன்னா உங்க ஆளுக ஒருத்தனுக்கும் இந்த ஊர்ல ரூம் கெடையாதுன்னு அன்னைக்கே சொல்லிட்டாவ. ராத்திரியோட ராத்திரியா எங்க போவ அண்ணாச்சி?" பிறகு நிமிர்ந்தான். "வாரேன் மதினி. நாளைக்கு செகண்ட் ஷிப்ட்டு, காலையிலயே வந்துருதேன்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வாடகைத் தேதியைச் சொல்வதைப்போலச் சொல்லிவிட்டுப் போனான்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்" என்றாள் அம்மா. "ஊர்ல வந்து சொன்னாங்க, நானும் சரின்னு தலையாட்னேன். நீ சொன்னத நம்பித்தானேய்யா ஆட்னேன்?"

ஜன்னலில் கவிழ்த்திருந்த நீலக் கப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அதன்பின் அந்தக் கப்பை நான் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்குள் நடந்த இதை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. இனிமேல் சொல்வதுதான் உங்கள் அப்பாக்கள் வீட்டுக்கு வந்து சொன்ன கதை.

மறுநாள் காலை அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். ஊர்ப் பெரியவர்கள் பெஞ்சில் இருந்தார்கள். அப்பா உட்காரவில்லை. நின்றபடியே, "அந்தப் பையன் மேல தப்பு இல்ல. நானா பள்ளத்துல கால வுட்டுத்தான் வுழுந்தேன். அவன் தொடவே இல்ல" என்றார்.

பெரியவர் ஒருவர் தொடையில் தட்டினார்.

"பாத்தியா! பாத்தியா மனுசன! ஒடைச்சவன் தெனிக்கும் வந்து வேலை செய்யறானேன்னு மனசு எளகிப்போச்சி. பழிய தூக்கித் தன் மேல போட்டுக்கறாரு பாரு."

"இல்லபா, நெசமாத்தான்..."

"எங்களுக்குத் தெரியாதா? நாங்க கண்ணால பாத்தமே? வுடுப்பா, உன் மனசு யாருக்கு வரும்? டேய், இவருக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு போடு. பாப்பாவுக்கு பன்னு குடு."

அப்பா இன்னொரு முறை வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள், யாரோ தோளைத் தட்டிக்கொடுத்தார்கள், டீ வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். டீயை வாங்கிக்கொண்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. நான் பன்னைத் தின்றேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

சித்திரை பிறக்கும் முன்பே அப்பா வண்டிக்குப் போய்விட்டார். இடது கால் பழையபடி ஆகிவிட்டது. கால் சரியாகிவிட்டதால் பையன்களை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. அவர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஒரகடம் பக்கம் போய்விட்டார்கள். அந்தப் பையன் அங்கிருந்து அப்பாவின் பஸ்ஸிலேயே ஏறினான். "வணக்கம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கடைசி சீட்டுக்குப் போய்விடுவானாம். "இன்னிக்கும் வணக்கம் சொன்னான்" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார், தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். பிறகு ஒரு நாள் அவன் ஏறவில்லை. வேறு கம்பெனிக்குப் போனானோ, ஊருக்கே போனானோ, தெரியாது.

அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள் அப்பா மண்வெட்டியோடு மைதானத்துக்குப் போய், குண்டும் குழியுமாக இருந்த இடத்திலெல்லாம் மண்ணைத் தள்ளி, இடது காலால் மிதித்து மிதித்துச் சமன் செய்தார். அதற்கும் அவரைப் பாராட்டினார்கள். அதன்பின் யார் அந்தக் கதையை எடுத்தாலும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். தன்னடக்கம் என்றார்கள்.

நேற்று என் முறை வந்தது. இங்கே பிசியோ பார்ப்பவர் சின்னப் பையன், தென்காசிப் பேச்சு. சூடு வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, என் பாதத்துக்கு நேராக உள்ளங்கையை வைத்தார்.

"ஃபோர்ஸ் குடுங்க மேடம். எனக்கு வலிக்காது."

என்னால் முடியவில்லை. சும்மா இருக்கக்கூடாதே என்று கேட்டேன்.

"எங்க தங்கியிருக்க தம்பி?"

"பென்னலூர் மேடம். ஒரு வீட்டு மாடியில, எட்டு பேரு."

நம் ஊர்ப் பக்கம். அந்த மாடிகள் யாருடையவை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம்மில் பாதிப் பேர் வாடகையில்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம்.

"வீட்டுக்காரங்க எப்படி?"

அவர் ஒரு தடவை கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லவங்கதான் மேடம். நீங்க மிதிங்க."

மிதித்தேன்.